நடுங்கிய மலையும் சிலிர்த்த தோலும்

சித்திரை மாதத்து இடியைப் பற்றிக் கண்டி மஹய்யாவ பிள்ளைகளுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் கொளுத்தும். மத்தியானம் தாண்டியதும் மலைகளுக்கு மேலே மேகம் கறுத்து ஏறும். பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையை இறக்கி வைக்கும் நேரம் பார்த்து வானம் வெடிக்கும். யன்னல் கண்ணாடி அதிரும், தகரக் கூரை அதிரும், நெஞ்சுக்கூடும் சேர்ந்து அதிரும். ஐப்பசியிலும் இதே கதைதான். இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில்தான் இலங்கையில் இடிமின்னல் மிக அதிகம்.

ஞாயிறு பாடசாலையில் சீனாய் மலைக் கதையைக் கேட்ட பிள்ளை ஒன்று என்னிடம் இப்படிக் கேட்டது: "மின்னல் காற்றைச் சூடாக்குவதால்தான் இடி வருகிறது என்று விஞ்ஞான டீச்சர் சொன்னார். அப்படியென்றால் அந்த மலையடியில் நின்ற ஆட்கள் ஏன் நடுங்கினார்கள்? அவர்களுக்கு விஞ்ஞானம் தெரியாததாலா?"

ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி.

முதலில் கதை. யூதர்களின் எபிரேய வேதத்தில், யாத்திராகமம் என்ற நூலில் அது வருகிறது. கிறிஸ்தவப் பிள்ளைகள் அதைப் பழைய ஏற்பாட்டில் வாசிப்பார்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மோசே என்பவர் மூஸா நபி. எகிப்தில் அடிமைகளாக இருந்த மக்களை மோசே மீட்டு, பாலைவனத்து மலை ஒன்றின் அடிவாரத்துக்குக் கூட்டிவருகிறார். மூன்றாம் நாள் காலையில் மலைமேல் கார்மேகம் கவிகிறது. இடி, மின்னல். ஆட்டுக்கடாவின் கொம்பால் செய்த ஊதுகுழலின் ஓசை கேட்கிறது. நேரம் போகப் போக அது கூடிக்கொண்டே வருகிறது. மலையிலிருந்து சூளைப் புகைபோல் புகை எழும்புகிறது. மலையே நடுங்குகிறது. மக்களும் நடுங்கிப் பின்வாங்கித் தூரத்தில் போய் நிற்கிறார்கள். "நீரே எங்களோடு பேசும், கடவுள் பேசினால் நாங்கள் செத்துப்போவோம்" என்ற கருத்தில் மோசேயிடம் கெஞ்சுகிறார்கள்.

இப்போது மோசே சொல்லும் பதிலைக் கவனியுங்கள். பயப்படாதீர்கள் என்கிறார். அதே மூச்சில், கடவுளைப் பற்றிய பயம் உங்களில் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறார். சொல்லிவிட்டு, எல்லாரும் விலகி நிற்க, அவர் மட்டும் அந்த இருண்ட மேகத்தை நோக்கி நடக்கிறார்.

பயப்படாதே, ஆனால் பயந்திரு. இது என்ன குழப்பம்? இரண்டு விதமான பயம் இருந்தால்தான் இந்தப் பேச்சு பொருந்தும். இருக்கிறதா என்று பார்க்க, முதலில் இடியிலிருந்தே தொடங்குவோம்.

மின்னல் ஓடும் பாதை மெல்லியது, சில சென்ரிமீற்றர் அகலம்தான். அந்தப் பாதையிலுள்ள காற்று ஒரு செக்கனின் மிகச் சிறிய பங்குக்குள் ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பு 5,500 பாகை அளவுதான் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு வேகமாகச் சூடாகும் காற்றுக்கு மெதுவாக விரிய நேரமில்லை. பக்கத்துக் காற்றை அது அடித்துத் தள்ளுகிறது. அந்த அடி அதிர்ச்சி அலையாகப் பாய்ந்து, தூரம் போகப் போகச் சாதாரண ஒலி அலையாக மாறி நம் காதுக்கு வருகிறது.

பிறகு ஏன் "டமார்" என்று ஒரு தடவையோடு நிற்காமல், உருண்டு உருண்டு முழங்குகிறது? மின்னலின் பாதை பல கிலோமீற்றர் நீளமானது. விளையாட்டு மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரே நேரத்தில் கைதட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவரின் சத்தம் முதலில் வரும், கடைசியில் நிற்பவரின் சத்தம் பிந்தி வரும். மின்னலிலும் அப்படித்தான் கிட்டிய பகுதியின் ஒலி முந்திக்கொள்கிறது, எட்டிய பகுதியின் ஒலி பின்னால் வந்து சேர்கிறது. கண்டி சுற்றிலும் மலை சூழ்ந்த நகரம் என்பதால் அந்தானை மலையிலும் மற்றக் குன்றுகளிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கூடச் சேர்கிறது. சீனாயும் ஒரு மலைப் பிரதேசந்தான். அங்கே இடித்த இடி எப்படி முழங்கியிருக்கும் என்பதைக் கொழும்புப் பிள்ளைகளைவிடக் கண்டிப் பிள்ளைகளால் எளிதாக நினைத்துப் பார்க்க முடியும்.

ஒலி மூன்று செக்கனில் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் போகும். மின்னலைக் கண்டதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகும்வரை வெளியே வராதீர்கள்.

அதிர்ச்சி அலையைக் கண்டிக்காரர்கள் மேகமே இல்லாத இரவிலும் கேட்டிருப்பீர்கள். எசல பெரஹராவில் ஊர்வலத்தின் முன்னால் வருகிறவர்கள் யார்? நீண்ட கசையைச் சுழற்றி அடிப்பவர்கள். அந்தக் கசை நிலத்திலே பட்டுச் சத்தம் வருவதில்லை. சுழற்றும் வேகம் கைப்பிடியிலிருந்து மெலிந்த நுனியை நோக்கிப் போகப் போகக் கூடிக்கொண்டே போய், நுனிக்கு அருகே ஒலியின் வேகத்தையே தாண்டிவிடுகிறது. ஒலியைவிட வேகமாக ஒரு பொருள் காற்றைக் கிழித்தால் அதிர்ச்சி அலை பிறக்கும். "பளார்" என்று நாம் கேட்பது அதைத்தான். புனிதமான ஒன்று வருகிறது, வழிவிட்டு நில்லுங்கள் என்று அறிவிக்க ஒரு குட்டி இடி! பிறகு மேளங்கள் வரும். புனிதப் பேழையைச் சுமந்த தலதா மாளிகை யானை நடக்கும் வழியில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். அதுவரை கச்சான் கொறித்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்து கைகூப்புவார்கள். சீனாய் மலைக்கும் தலதா வீதிக்கும் தூரம் அதிகம், சமயமும் வேறு. ஆனாலும் பெரும் ஒலிக்கு மனித உடம்பு கொடுக்கும் பதில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்தப் பதில் என்ன? இடி விழுந்ததும் கண் இமை மூடிக்கொள்கிறது, கழுத்துச் சுருங்குகிறது, தோள் தூக்கிக்கொள்கிறது. ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு கடப்பதற்குள் இமை அசையத் தொடங்கிவிடுகிறது. "இது இடி" என்று நீங்கள் யோசித்து முடிக்க அந்த நேரம் போதாது. காதிலிருந்து மூளைத்தண்டுக்கு, அங்கிருந்து நேராகத் தசைக்கு என்று கட்டளை குறுக்குவழியில் ஓடிவிடுகிறது. அடுத்ததாக, மூளையின் உள்ளே இரண்டு பக்கமும் இருக்கும் அமிக்டலா என்ற சிறிய பகுதி ஆபத்து மணி அடிக்கிறது. பரிவு நரம்புத் தொகுதி விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, கண்மணி விரிகிறது, தோலுக்குப் போகும் இரத்தம் குறைவதால் கை சில்லிடுகிறது, வயிற்றில் செரிமானம் மந்தமாகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிவிட்டது.

ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முதற்பாதிப் பதில் கிடைத்துவிட்டது. இடி எப்படி வருகிறது என்று முழுக்கத் தெரிந்த பௌதிகவியல் பேராசிரியரும் தலைக்குமேல் இடித்தால் கண்ணைச் சிமிட்டத்தான் செய்வார். அறிவு குறைந்தவர்களுக்கு மட்டும் வருவதல்ல நடுக்கம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். எபிரேய வேதத்தில் யோபு என்றொரு நூல் இருக்கிறது. யோபு பெருந்துன்பத்தில் இருக்கும்போது ஆறுதல் சொல்ல நண்பர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவரான தேமான் ஊர் எலிப்பாஸ் தனக்கு ஓர் இரவில் நடந்ததைச் சொல்கிறார். ஊர் அயர்ந்து தூங்கும் நேரம். திடீரென்று அச்சம் பிடிக்கிறது, எலும்புகளெல்லாம் நடுங்குகின்றன. ஏதோ ஒன்று முகத்துக்கு முன்னால் கடந்துபோகிறது. உடம்பிலுள்ள மயிரெல்லாம் குத்திட்டு நிற்கின்றன. அது நிற்கிறது, ஆனால் உருவம் பிடிபடவில்லை. அமைதி. பிறகு ஒரு குரல்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான ஒரு நூலில் மெய்சிலிர்ப்பை இவ்வளவு துல்லியமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள்! வரிசையைப் பாருங்கள். முதலில் நடுக்கம், அடுத்து சிலிர்ப்பு, அதற்குப் பிறகுதான் "என்ன அது?" என்று அறிய முயலும் கவனம்.

சிலிர்ப்பு எப்படி வருகிறது? உங்கள் முன்கையைப் பாருங்கள். ஒவ்வொரு முடியின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை ஒட்டியிருக்கிறது. பரிவு நரம்பு தூண்டியதும் அந்தத் தசை சுருங்கி முடியை நிமிர்த்துகிறது; சுற்றியுள்ள தோல் சிறு மேடாகிறது. நாயைக் கண்ட பூனை உடம்பைச் சிலிர்த்துப் பெரிதாகத் தெரிவதும் இதனால்தான். குளிர் காலத்தில் அடர்ந்த மயிருள்ள விலங்குகளுக்கு இது கதகதப்பும் தருகிறது. நமக்கு உடம்பு மயிர் குறைந்துவிட்டது, ஆனால் தசை மட்டும் போகவில்லை. அது ஏன் இன்னும் இருக்கிறது என்பதற்கு 2020இல் ஒரு சுவையான விடை வந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் யா-சியே ஷூவும் தாய்வானைச் சேர்ந்த சங்-ஜான் லின்னும் தங்கள் குழுவினரோடு சேர்ந்து எலிகளில் ஆராய்ந்தார்கள். நரம்பு, தசை, முடியை வளர்க்கும் மூலக் கலங்கள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதைக் கண்டார்கள். தசைதான் நரம்பை அந்தக் கலங்களோடு சேர்த்துப் பிடித்திருக்கும் பாலம். நீண்ட நாள் குளிரடித்தால் நரம்பு அந்தக் கலங்களைத் தூண்டிப் புதிய முடியை வளரச் செய்கிறது.

மனிதருக்குக் குளிரிலும் சிலிர்க்கிறது, பயத்திலும் சிலிர்க்கிறது. கோயிலில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போதும், தேவாலயத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும்போதும், பாங்கோசை விடியலில் மிதந்து வரும்போதும் சிலருக்குச் சிலிர்க்கிறது. ஒரே தசை, ஒரே நரம்பு. தோலை மட்டும் பார்த்தால் பயமா பக்தியா என்று சொல்ல முடியாது. அப்படியானால் எதைப் பார்ப்பது?

கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

மஹய்யாவ பிள்ளைகளுக்கு இதை விளக்க என்னிடம் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. கண்டி நகரின் பொது மயானம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. இருட்டிய பிறகு அதன் மதிலோரம் தனியாக வரும் பிள்ளை என்ன செய்யும்? ஓட்டமெடுக்கும். திரும்பிப் பார்க்காது. அதே பிள்ளை அப்பம்மாவின் நினைவு நாளில் பூவோடு அதே மயானத்துக்குள் போகிறது. யாரும் சொல்லாமலே நடை மெதுவாகிறது, குரல் தாழ்கிறது, இன்னொருவரின் கல்லறையை மிதித்துவிடாமல் சுற்றிப் போகிறது. மண் ஒன்று, பிள்ளை ஒன்று. நெஞ்சு இரண்டு நேரமும் கனத்துத்தான் இருக்கிறது. ஒரு பயம் ஓடச் சொன்னது, மற்றது மெதுவாகக் கிட்டே வரச் சொன்னது. மோசேயின் பேச்சிலிருந்த இரண்டு பயங்களும் இவைதான்.

எபிரேய வேதத்தை எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். தானியேல் என்ற ஞானி தைகிரிஸ் ஆற்றங்கரையில் நிற்கும்போது ஒரு காட்சி காண்கிறார். கூட இருந்தவர்களுக்குக் காட்சி தெரியவில்லை, ஆனால் பெரும் நடுக்கம் அவர்களையும் பிடிக்கிறது. அவர்கள் ஓடி ஒளிந்துகொள்கிறார்கள். தானியேலுக்கும் நடுக்கம்தான். முகம் வெளிறுகிறது, பலமெல்லாம் போய்த் தரையில் முகங்குப்புற விழுகிறார். ஆனால் அவர் ஓடவில்லை. ஒரு கை தொட்டு அவரைத் தூக்குகிறது. முதலில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் நிலை, பிறகு நடுங்கியபடியே எழுந்து நிற்பது. பயப்படாதே என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. பயத்தில் தசை தளர்ந்தவர் ஒரேயடியாகத் துள்ளி எழுவதில்லை, படிப்படியாகத்தான் எழுவார். அதைக்கூடப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

எலியா என்ற தீர்க்கதரிசியின் கதை இன்னும் ஆழமானது. யேசபேல் என்ற அரசி அவரைக் கொல்வதாகச் சபதம் செய்கிறாள். உயிருக்குப் பயந்து எலியா பாலைவனத்துக்குள் ஓடுகிறார். ஓடி ஓடி ஓரேப் மலைக் குகை ஒன்றில் ஒண்டிக்கொள்கிறார். ஓரேப் என்பது சீனாய் மலைக்கே வழங்கும் இன்னொரு பெயர் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். அங்கே பாறையைப் பிளக்கும் காற்று அடிக்கிறது. பிறகு பூமி அதிர்கிறது. பிறகு நெருப்பு. மோசேயின் காலத்து அதிர்வும் நெருப்பும் திரும்பவும் வருகின்றன. ஆனால் கடவுள் காற்றில் இல்லை, அதிர்ச்சியில் இல்லை, நெருப்பிலும் இல்லை என்கிறது வேதம். எல்லாம் ஓய்ந்த பிறகு மிக மெல்லிய ஓசை ஒன்று. அதைக் கேட்டதும் எலியா மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு குகைக்கு வெளியே வந்து வாசலில் நிற்கிறார்.

அரசிக்குப் பயந்தபோது குகைக்குள் போனவர், அந்த மெல்லிய ஓசைக்கு முன்னால் பயபக்தியோடு குகையை விட்டு வெளியே வருகிறார். ஒரே மனிதருக்குள், ஒரே அதிகாரத்துக்குள் இரண்டு பயங்கள்! இதை முதன்முதலில் கவனித்து வாசித்த நாளில் எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

மெல்லிய ஓசை ஒரு மனிதரை எப்படி அசைக்கும் என்று கேட்பீர்கள். நம் காதைப் பற்றித் தெரிந்தால் வியப்பு வராது. பக்கத்தில் விழும் இடி ஏறத்தாழ 120 டெசிபெல். நல்ல காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி பூச்சிய டெசிபெல் அளவு. அந்த மெல்லிய ஒலியில் செவிப்பறை அசையும் தூரம் ஓர் ஐதரசன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. இடிக்கு அதிரும் அதே செவிப்பறைதான் இதற்கும் அசைகிறது. பேரொலி கேட்கும்போது உள்ளிருக்கும் சிறிய தசை ஒன்று இறுகி, காதுக்குள் போகும் ஒலியைக் கொஞ்சம் குறைக்கிறது. அமைதி திரும்பியதும் அது தளர்கிறது. பெருமழை சட்டென்று ஓயும்போது பீலியிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் தெளிவாகக் கேட்குமே, அதுபோன்ற நேரத்தில் நாம் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறோம்.

இந்த வேதக் கதைகள் மலையகத் தமிழருக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். கோப்பித் தோட்டக் காலத்தில், 1854இல், கண்டியைச் சுற்றியிருந்த தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்கென்றே ஒரு கிறிஸ்தவ மிஷன் தொடங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணை நின்றவர் யாரென்று தெரியுமா? பிற்காலத்தில் சைவத்தின் பெரும் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர். தன் சமயத்தைவிட்டு அணுவளவும் அசையாத ஒருவர், பிறர் சமயத்தின் வேதத்தை நல்ல தமிழில் தர உழைத்திருக்கிறார்.

முள் செடி ஒன்று எரிந்தும் கருகாமல் நின்றதை மோசே கண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே அவருக்குக் கிடைக்கும் கட்டளை: செருப்பைக் கழற்று, இது புனித நிலம். குர்ஆனிலும் மூஸா நபிக்கு அதே கட்டளை வருகிறது. கண்டியில் கோயில் வாசலிலும் பள்ளிவாசலிலும் தலதா மாளிகை வாசலிலும் எத்தனை சோடிச் செருப்புகள் கிடக்கின்றன! வெறுங்காலில் நடக்கும்போது கல் குத்தும், வெயிலில் சுடும். உள்ளங்காலில் தொடுகையை உணரும் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. ஆகவே அடியெடுத்து வைப்பதில் கவனம் வருகிறது, வேகம் தானாகக் குறைகிறது. நம் முன்னோர் எத்தனையோ சமயங்களில் இதைச் செய்துவந்ததற்கு உடம்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். 2003இல் டாக்கர் கெல்ட்னர், ஜொனதன் ஹைட் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரமிப்பு என்ற உணர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பிரமிப்பில் இரண்டு அம்சங்கள் இருக்கின்றன என்றார்கள். எதிரில் இருப்பது நம்மைவிட மிகமிகப் பெரியது என்று தோன்றுவது ஒன்று. நாம் அதுவரை அறிந்து வைத்திருந்ததற்குள் அதை அடக்க முடியாமல், அறிவையே விரித்துக்கொள்ள வேண்டி வருவது மற்றது. உருவம் பிடிபடவில்லை என்று எலிப்பாஸ் சொன்னது நினைவிருக்கிறதா? மூளை தனக்குத் தெரிந்த எந்த உருவத்தோடும் அதைப் பொருத்திப் பார்க்க முடியாமல் திகைத்த நிலை அது.

2017இல் ஏமி கோர்டனும் அவரோடு சேர்ந்தவர்களும் பயம் கலந்த பிரமிப்பைத் தனியே ஆராய்ந்தார்கள். பயம் கலந்தால் பரிவு நரம்புத் தொகுதி கூடுதலாக இயங்குகிறது, "என்னால் எதுவும் முடியாது" என்ற உணர்வும் கூடுகிறது என்று கண்டார்கள். சீனாயின் அடிவாரத்தில் பின்வாங்கி நின்ற கூட்டத்தின் நிலை ஏறத்தாழ அதுதான்.

பிரமிப்புக்குப் பிறகு மனிதர் என்ன செய்கிறார்கள்? போல் பிஃப் என்பவரின் குழு 2015இல் வெளியிட்ட சோதனை எளிமையானது, அழகானது. கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் 60 மீற்றரையும் தாண்டி வளர்ந்த யூக்கலிப்டஸ் மரங்கள் இருக்கின்றன. சிலரை அங்கே நிறுத்தி ஒரு நிமிடம் மரங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். வேறு சிலரைத் திருப்பி நிறுத்தி, பக்கத்திலிருந்த உயரமான கட்டடத்தை ஒரு நிமிடம் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒருவர் தற்செயலாக நடந்ததுபோல் கைநிறையப் பேனாக்களைக் கீழே கொட்டினார். மரத்தைப் பார்த்தவர்கள்தான் கூடுதலான பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். தன்னைச் சிறியவனாக உணர்ந்தவருக்கு, பக்கத்தில் நிற்பவரின் தேவை கண்ணில் பட்டுவிடுகிறது.

வேதக் கதைகளிலும் நடுக்கத்தோடு கதை முடிவதில்லை. உசியா அரசன் இறந்த ஆண்டில் ஏசாயா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஒரு காட்சி காண்கிறார். வாசல் நிலைகள் அசைகின்றன, இடமெல்லாம் புகை. ஆறு சிறகுள்ள வானவர்கள்கூட இரண்டு சிறகால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். நான் அழிந்தேன் என்று அலறும் ஏசாயா, சற்று நேரத்தில், யாரை அனுப்புவேன் என்ற குரல் கேட்டதும் என்னை அனுப்பும் என்கிறார். எலியாவையும் குகை வாசலிலேயே இருக்கவிடவில்லை. போய்ச் செய்யவேண்டிய வேலைகளைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார் கடவுள். மோசேயும் எரியும் செடியின் முன்னால் முகத்தை மூடினார், பிறகு எகிப்துக்குப் போய் அடிமைகளுக்காக அரசன் முன் நின்றார். பயபக்தி என்று இந்த வேதம் சொல்வது இப்படி எழுந்து போய் ஒருவருக்கு உதவும் பயத்தைத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். இதயம் எத்தனை தரம் அடித்தது, தோல் எப்படிச் சிலிர்த்தது, எத்தனை பேனா பொறுக்கினார்கள் என்பதை விஞ்ஞானம் அளக்கும். மோசேயின் முன்னால் இருந்தது யார் என்பது அந்தக் கருவிகளுக்கு எட்டுகிற கேள்வியல்ல. ஒருவரின் நடுக்கத்தை அளந்துவிட்டதால் அவர் நடுங்கிய காரணம் பொய்யாகிவிடாது, அது மெய்யென்றும் நிரூபணமாகிவிடாது.

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. 2017இல் யாங் பாய் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் இரண்டு இடங்களில் சுற்றுலாப் பயணிகளிடம் காகிதத்தைக் கொடுத்துத் தங்களை வரையச் சொன்னது. ஒரு கூட்டம் யோசெமிட்டி பூங்காவின் மாபெரும் பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மற்றக் கூட்டம் சான் பிரான்சிஸ்கோவின் கலகலப்பான துறைமுகக் கடைத்தெருவில் நின்றவர்கள். பாறைகளைப் பார்த்தவர்கள் தங்களைச் சிறியதாக வரைந்தார்கள்.

இதை நாமும் செய்யலாம், யோசெமிட்டி தேவையில்லை. பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் தொடங்கப்பட்டது. மகாவலி வளைத்துக்கொண்டு ஓடும் அந்தப் பூங்காவின் பெரிய புல்வெளியில் கிளைகள் பரந்து கிடக்கும் பிரமாண்டமான ஜாவா அத்திமரம் ஒன்று இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாவில் போகும்போது வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிப் பிள்ளைகள் கண்டி பஸ் நிலையத்திலேயே தங்களை ஒரு தாளில் வரையட்டும். மறுபாதிப் பிள்ளைகள் மரத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் பேசாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு வரையட்டும். எல்லாருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே விதப் பென்சில். எதற்காக வரைகிறோம் என்பதை டீச்சர் முதலிலேயே சொல்லக்கூடாது. சொன்னால் வேண்டுமென்றே சிறியதாக வரைவார்கள். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்ட நீங்கள் வரையாமல் அளக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் இருட்டும் நாளில் மரத்தடிப் பக்கமே போகாதீர்கள், சோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு படத்தின் உயரத்தையும் அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியே சராசரி எடுங்கள். மரத்தடிக் கூட்டத்தின் படங்கள் சிறியதாக வராவிட்டாலும் எந்த எண்ணையும் மாற்றாமல் வந்ததை வந்தபடியே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மரத்தடியில் யாருக்காவது சிலிர்த்ததா என்று கேட்டு அதையும் பக்கத்தில் குறியுங்கள்.